லைனிங்கில் ஒரு கீறல்

ஏட்டி,

இன்று காலை சொலூஷன் டப்பாவைத் திறந்தேன். தோல் ஒட்டுகிற அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும், உன் மெஷின் பக்கம் திரும்பி, "மூஞ்சத் திருப்பிக்கோட்டி" என்று சொல்லிவிட்டேன். அந்த வாடை பட்டால் உனக்குத் தும்மல் நிற்காதே. மெஷின்மேல் துணி போர்த்திக் கிடந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, என் வாய்க்கு அது இன்னும் உறைக்கவில்லை. பக்கத்துக் கோலிக்காரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்ட்டக்கா பேசுதிய?" என்றாள். ரேடியோ என்றேன். என் வீட்டில் ரேடியோவே கிடையாது.

வாயைத் திறந்தது திறந்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஷெரினுக்கு வேலை கிடைத்துவிட்டது. வாஷியில் ஆபீஸ். முதுகு சாய்க்கிற நாற்காலி. சந்தோஷப்படு, ஆனால் முழுசாகப் பட்டுவிடாதே. அந்த வேலை வந்த வழி அப்படி. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

உன்னைப் போல ஒரு சந்தேகக்காரியை இந்தத் தாராவியில் நான் பார்த்ததில்லை. சிலிண்டர் கொண்டு வருகிறவனை நிற்க வைத்து, சிலிண்டரை ஆட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாய். வீட்டை அளக்க வந்தவர்களிடம், "எங்க போட்டோவ அப்புறம் எடுங்க, முதல்ல ஒங்க போட்டோ இருக்க கார்டக் காட்டுங்க" என்றாய். கோயிலில் பாஸ்டர் ஐயா அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் சாப்பாடு என்று அறிவித்தபோது, ஊரெல்லாம் "ஆமென்" சொல்ல, நீ என் காதுக்குள், "யார் காசுல?" என்றாய். சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

மேலப்பாளையத்து பாயின் கார்கானாவில் நாம் இரண்டு பேரும் பை தைத்த காலத்தில், அந்தச் சந்தேகம்தான் நமக்குக் காவல். புதிதாக வருகிற கடைக்காரன் எவனும் முதலில் ஒரு சாம்பிள் கேட்பான். இவனிடம் ஒன்று, அவனிடம் ஒன்று என்று பத்துக் கார்கானாவில் சும்மா வாங்கி, அத்தனையையும் கடையில் தொங்கவிட்டு விற்றுவிட்டுப் போன பயல்கள் உண்டு. அதனால் சாம்பிள் கொடுக்கும்போது, பையின் உள்ளே லைனிங் துணியைத் தோல் வெட்டுகிற கத்தியால் ஒரு கீறு கீறித்தான் கொடுப்போம். வேலைப்பாட்டைப் பார்க்கலாம், விற்க முடியாது. பழகிய ஆள் வந்தால் பாய்க்குக் கூச்சமாக இருக்கும், "இவருக்கு வேணாம்மா" என்பார். அவர் டீ சொல்லத் திரும்புகிற நேரத்தில் நீ கீறிவிடுவாய். அவருடைய மச்சினனுக்குக் கொடுத்த பையையே கீறியவள் நீ. "மச்சினன்னா சும்மா குடுக்கணும்னு எங்கயும் எழுதிருக்கா?" என்று என்னிடம் மல்லுக்கு நின்றாய்.

அதே கார்கானாவில்தான் உனக்கு அந்த அடியும் விழுந்தது. சூப்பர்வைசர் நாற்காலி காலியானபோது, அது உனக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பாய் கெட்டவர் இல்லை. உன்னைக் கூப்பிட்டு, "ஒன் கை மாதிரி ஒரு கை பம்பாயிலயே கெடையாதும்மா. அத நாற்காலில உக்கார வெச்சா வீணாப் போயிரும்" என்றார். டிப்ளமா படித்த ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். அவன் ஒன்றும் மக்கு இல்லை, சீக்கிரமே நன்றாக வேலை பார்த்தான். அதுதான் இன்னும் எரிச்சல், திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. சயன் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: "கையப் புகழ்ந்தான்னா, கைக்கு மேல எதுவும் தரமாட்டான்னு அர்த்தம்." உனக்கு அப்போது ஷெரின் வயிற்றில்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய். பிறப்பது எதுவானாலும் டிகிரி படிக்கும். ஷெரின் செம்பூர் காலேஜில் பி.காம் சேர்ந்த அன்று, உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டு அவளோடு கேட் வரைக்கும் போனாய். அதற்குள் பாய் கார்கானாவை மூடியிருந்தார், நீயும் நானும் என் கோலியிலேயே ஆளுக்கொரு மெஷின் போட்டிருந்தோம். உன் முதலாளி நான்தான். என்னிடமே பொய் சொன்னாய் பார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அவள மெஷின்ல உக்கார விட்டுராதட்டி." சரி என்றேன். அதற்குப் பிறகு நீ அதிகம் பேசவில்லை.

டிகிரி வந்தது. வேலை வரவில்லை. ஷெரின் போனிலேயே எங்கெங்கோ விண்ணப்பித்தாள். யாரும் திரும்பிக் கூப்பிடவில்லை. மனசு கெட்டுப்போகிற நாட்களில் உன் மெஷினில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பை தைப்பாள். நான் பதறுவேன். "டைம்பாஸ் சித்தி" என்பாள். யாரும் கற்றுக்கொடுக்காமலே தையல் அவளுக்கு வந்திருந்தது, இந்த அறையில் வளர்ந்த பிள்ளைக்கு வராமல் என்ன செய்யும்? மடிப்பு ஓரத்தைத் தட்டுகிறபோது அப்படியே நீதான். பார்க்க எனக்குப் பிடிக்கும், பார்க்கப் பயமாகவும் இருக்கும்.

அப்போதுதான் கோயில் வாட்ஸப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. வாஷியில் ஒரு கம்பெனி, இணையத்தில் பை விற்கிறவர்கள். "டிகிரி வேண்டாம்! கைத்திறமை போதும்! நீங்களே செய்த ஒரு பையோடு நேரில் வாருங்கள்!" இத்தனை ஆச்சரியக்குறி போட்டு எவனாவது நல்லது செய்வானா? மூன்று தலைமுறையாக டிகிரி வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய், இனிமேல் டிகிரி வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி அதை வாங்கி வெளியே வருகிற நேரம் பார்த்துத்தான் அது வேண்டாததாகிவிட்டதா?

"சித்தி, நீ எல்லாத்துலயும் குத்தம் பாக்க. இப்ப எல்லா எடத்துலயும் இப்படித்தான், ஸ்கில்தான் கேக்காங்க. டிகிரிய வெச்சு நான் எத்தன எடத்துல போட்டேன், ஒருத்தனாவது கூப்ட்டானா?" என்றாள்.

என்னை மடக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், சத்தம் போடுவேன். போட்டேன். பிறகு, "போறதுன்னா போ. ஆனா பைய முழுசாக் குடுக்காத. கீறிட்டுக் குடு" என்றேன்.

"அரே, இது இன்டர்வியூ சித்தி! ஆர்டர் இல்ல!"

"பை கேக்கானா இல்லியா? பை கேட்டா அது சாம்பிள். ஒங்கம்மா இருந்தா என்ன செஞ்சிருப்பா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தேன் நிறத் தோலில், தோளில் மாட்டுகிற மாதிரி அழகான பை, அவளே வெட்டித் தைத்தது. கத்தியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே கீறினாள். "ஒனக்காக இல்ல. அம்மாவுக்காக" என்றாள்.

குர்லாவில் ஹார்பர் லைன் ரயில் மாறி வாஷிக்குப் போனோம். ஆமாம், நானும் போனேன். இன்டர்வியூவுக்கு எந்தச் சித்தி கூட வருவாள் என்று அவள் முணுமுணுத்தாள், நான் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் பெண்கள் வரிசையாக மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அம்பர்நாத்திலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், அவள் பை மீன்வலை மாதிரி தோலைப் பின்னிச் செய்தது, நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இளவயது மேடம் ஒருத்தி வந்து, ஒவ்வொரு பையையும் மேசையில் வைத்துப் போட்டோ எடுத்தாள். பிறகு, "பைகள் இங்கேயே இருக்கட்டும், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்று இந்தியில் சொன்னாள். ஷெரினின் பைக்குள் கைவிட்டவள் கீறலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சாம்பிள்னா எங்க பக்கம் இப்படித்தான் குடுப்போம் மேடம். வேலை தந்தீங்கன்னா கீறல் இல்லாம தச்சுத் தாரேன்" என்று ஷெரின் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"எங்களை என்ன திருடர்கள் என்று நினைத்தாயா?" என்று கேட்டுவிட்டு, அந்த மேடம் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வந்த அத்தனை பேரிலும் பையோடு திரும்பியது உன் மகள் ஒருத்திதான்.

ரயில் கழிமுகப் பாலத்தில் போகும்போது ஷெரின் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம், பார்த்தாயா என் சந்தேகத்தை என்று. "பை திரும்பி வந்துட்டுல்லா, அதச் சொல்லு" என்றேன்.

அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்குப் பை வேண்டாம் சித்தி. வேலை வேணும்."

அதற்குப் பிறகு பல வாரம் அவள் என்னோடு பேசவில்லை. நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அங்கே வேலை கிடைத்தது. தையல் வேலைதான். அதில் ஒருத்தி மிட்டாய் கொண்டுவந்து, "ஃபேன் இருக்கு பெரியம்மா, நல்ல டாய்லெட் இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம்" என்றாள். நாம் இத்தனை வருஷம் மெஷினில் உட்கார்ந்து பார்க்காத சுகம் அது. "நல்லா இரு மக்கா" என்று வாழ்த்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் ஏட்டி, முதல் முறையாக உன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உன் சந்தேகமெல்லாம் புத்திசாலித்தனமா, வெறும் பயமா? நாம் யாருக்கும் முழுப் பையைக் கொடுத்ததில்லை. அதனால்தான் நமக்கும் யாரும் எதையும் முழுசாகத் தரவில்லையோ? செத்துப்போனவளின் பேச்சைக் கேட்டு உயிரோடு இருக்கிற பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனோ? உன்மேல் கோபம் கோபமாக வந்தது. உன் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். தாராவியில் இரும்பு வாங்குகிறவனுக்கா பஞ்சம்? பிறகு மனசு கேட்கவில்லை, துணியைப் போர்த்திவிட்டேன்.

ஒரு சாயங்காலம் ஷெரின் வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தக் கம்பெனியின் கடைப் பக்கம். அம்பர்நாத்துப் பெண்ணின் மீன்வலைப் பை, கறுப்பு, பச்சை, செங்கல் என்று மூன்று நிறத்தில், அவர்கள் பெயர் போட்டு நின்றது. "இவளுக்கு வேலை குடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பெண்ணின் நம்பர் அவளிடம் இருந்திருக்கிறது, பேசியும் இருக்கிறாள். என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் "சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. என்னால் அதைச் சொல்லாமல் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்து நடந்ததைக் கேள். அவளோடு படித்த மாட்டுங்காப் பெண் ஒருத்தி, அப்பா தாத்தா எல்லாம் ஆபீஸில் இருந்த குடும்பம், ஒரு வேலை அறிவிப்பை இவளுக்கு அனுப்பினாள். அதே கம்பெனி. பைகளைத் தேர்ந்தெடுக்கிற வேலை, கார்கானாக்களோடு பேசுகிற வேலை. கீழே, பட்டதாரிகள் மட்டும் என்றிருந்தது. இங்கே வந்த செய்தியில் டிகிரி வேண்டாம், மாட்டுங்காவுக்குப் போன செய்தியில் டிகிரி இல்லாமல் படியேறாதே! இந்த முறை நான் வாயை மூடவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "போதும் சித்தி, அக்கம்பக்கம் பாக்காங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள்.

என்னை வர வேண்டாம் என்றாள். தனியாகப் போனாள். உள்ளே அதே மேடம். உற்றுப் பார்த்து, "நீ அந்தக் கீறல் பைப் பொண்ணுதானே? டிகிரி இருக்கென்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க வேண்டாம்னு எழுதிருந்தீங்க மேடம்."

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டாராம். அதன்பிறகு தோலைப் பற்றி, தையலைப் பற்றி, தாராவிச் சந்துகளைப் பற்றி என்னென்னமோ கேட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்திருந்தது. எடுத்துக்கொண்டார்கள். செய்தி சொன்னபோது அழுதேன், உன்னை நினைத்துத்தான். கண்ணைத் துடைத்த கையோடு, "ஒரு சம்பளத்துக்கு ரெண்டு ஆளு கெடச்சுட்டுன்னு எடுத்திருக்கான். காகிதமும் ஒன்ட்ட இருக்கு, கையும் இருக்கு" என்றேன்.

"தெரியும் சித்தி" என்றாள், சாதாரணமாக.

உனக்கு நான் கொடுத்த வாக்கு நிறைவேறியது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அவளுடைய வேலை என்ன என்று கேட்டாயா? நம்மைப் போன்ற கோலிகளுக்குப் போய்ச் சாம்பிள் வாங்கி வருவது. "பை இங்கேயே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று இனி சொல்லப்போகிறவள் உன் மகள். மெஷினில் உட்கார விடாதே என்று சொன்னாய், மெஷினுக்கு எதிரே போய் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நீ சொல்லவில்லையே.

போன வாரம் வந்தாள், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க. எப்போதும் தரையில் சப்பணம் போட்டு உட்காருகிறவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரு சாம்பிள் வேணும் சித்தி. பிடிச்சிருந்தா ஆர்டர் வரும். சாம்பிள் ஃப்ரீயாத்தான் குடுக்கணும், கம்பெனி ரூல்" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மெஷின் ஊசியைப் பார்த்துச் சொன்னாள்.

தைத்தேன். நல்ல பை, என் கையால் அதற்குமேல் வராது. நேற்று வாங்க வந்தாள். கொடுக்கிற நேரத்தில் கத்தி கையில் இருந்தது. உன் பிள்ளை ஏட்டி. காய்ச்சலில் கிடந்தபோது என் கையால் கஞ்சி குடித்தவள். இவளுக்குப் போய்க் கீறுவதா? கீறாமல் விட்டால் இத்தனை வருஷம் நாம் செய்ததற்கு என்ன பொருள்? பாயின் மச்சினனை விடாதவளாயிற்றே நீ. அவள் பார்க்கப் பார்க்கவே லைனிங்கில் கீறிவிட்டு, பையை நீட்டினேன். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று நினைத்தேன், போய்விடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஷெரின் பைக்குள் கையை விட்டாள். கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இது பத்தாது சித்தி. இந்த அளவுன்னா எங்க ஆபீஸ்ல உள்பக்கம் ஒரு துணிப் பட்டி வெச்சுத் தச்சு மறச்சிருவாங்க. இன்னும் நல்லா இழு, இந்த மூலையில இருந்து அந்த மூல வரைக்கும்."

பையைத் திருப்பி என் மடியில் வைத்து, துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன். துணி கிழிகிற சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ விட்டுப்போன சந்தேகத்தை நான் ஒருத்திதான் சுமந்து கிடக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

போகும்போது அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, "நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராத சித்தி, வேல போயிரும்" என்றாள்.

உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?